பாலத்துக்கு அந்தப்பக்கம் நிற்கிறவன்

நைனா,

அப்பாதான் எழுதுகிறேன். இந்தக் கவரில் பருப்புப் பொடி வாசனை அடித்தால் முகம் சுளிக்காதே. ஞாயிற்றுக்கிழமை அம்மா படூருக்கு உன்னைப் பார்க்க வரும்போது, ஊறுகாய் பாட்டிலுக்கும் பொடி டப்பாவுக்கும் நடுவில் இதைச் செருகி அனுப்புகிறேன். தபாலில் போடலாம். ஆனால் வியாழக்கிழமை உனக்கு ஃப்ளைட், அதற்குள் வந்து சேருமோ என்னவோ. போனில் சொல்லலாம், ஆனால் நம் இரண்டு பேருக்கும் போனில் பேசத் தெரியாது. "சாப்ட்டியா", "ம்", "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்". இத்தனை வருஷத்தில் நாம் போனில் பேசியது அவ்வளவுதான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ரிடையரான பிறகு பேனாவையே தொடவில்லை, நாலு வரி எழுதினால் விரல் மரத்துப்போகிறது. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நடுநடுவே எழுந்து போய்ப் படுத்துவிட்டு வந்து எழுதியிருக்கிறேன். இப்போதெல்லாம் எதைச் செய்தாலும் பாதியில் படுக்கத் தோன்றுகிறது.

கனடாவுக்கு வேலை கிடைத்த சேதியை நீ அம்மாவிடம் சொன்னாய். படூரிலிருந்தே நேராகக் கிளம்புகிறேன், நீங்கள் இரண்டு பேரும் ஏர்போர்ட்டுக்கு வந்துவிடுங்கள் என்றும் அவளிடம்தான் சொன்னாய். படூரிலிருந்து செங்கல்பட்டுக்குத் திருப்போரூர் வழியாக வந்தால் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. உனக்கு நேரமில்லை என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாள். நேரம் காரணமில்லை என்பது எனக்குத் தெரியும். பிளஸ் டூ படித்த வருஷத்திலிருந்து நீ இந்த வீட்டில் என் எதிரில் உட்கார்ந்ததில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றபடி சாப்பிடுவாய், கை கழுவுவாய், பையைத் தோளில் மாட்டுவாய். ஆறு வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கோபம் எல்லாம் எப்போதோ போய்விட்டது, இப்போது அலுப்புதான் மிச்சம். ஆனாலும் நீ போவதற்கு முன்னால் புதன்கிழமை மத்தியானம் ஒரு வேளை வீட்டுக்கு வர வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். கேட்பதற்கு முன்னால் இரண்டு விஷயத்தில் நான் உன்னை ஏமாற்றியதைச் சொல்லியாக வேண்டும்.

கம்ப்யூட்டர் வந்த கதை உனக்கு ஞாபகம் இருக்கும். கம்பெனியில் டிசைன் செக்‌ஷனுக்குப் புதுசு வந்தபோது பழசையெல்லாம் தொழிலாளிகளுக்குக் குலுக்கல் போட்டுக் கொடுத்தார்கள். என் வாழ்க்கையில் எனக்கு விழுந்த ஒரே குலுக்கல் அதுதான். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஷேர் ஆட்டோவில் மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மா "இன்னா டிவியாங்க, இவ்ளோ குண்டா கீது" என்று கேட்டார்கள். நீ படிப்பதற்கு என்று நான் கொண்டு வந்தேன். நீ அதில் மலை கேம் ஆடினாய். உன் கூட்டாளியின் அண்ணன் பெங்களூரில் காப்பி பண்ணிக் கொண்டுவந்த சிடித் தட்டு அது. மேலே படம் எதுவும் கிடையாது, நீ நீல மார்க்கரில் என்னவோ கிறுக்கி வைத்திருந்தாய். முதல் பத்து நாள் நான் அதைக் கண்டாலே கத்தினேன்.

அது எப்படி மாறியது என்று நினைத்துப் பார்க்கிறேன். முதல் ஷிஃப்ட் முடிந்து நாலு மணிக்கு வந்து, காபி டம்ளரோடு உன் நாற்காலிக்குப் பின்னால் திட்டுவதற்கென்றே நின்றேன். ஏதோ ஒரு குளிர் நாடு. பேர் என் வாயில் நுழையாது. வெளியிலிருந்து ஒரு பட்டாளம் வந்து நாட்டைப் பிடித்துக்கொண்டுவிட்டது. மலைக்குத் தப்பிப் போன பன்னிரண்டு பேர் அவர்களை எதிர்த்து நிற்கிறார்கள். ஒரு வாத்தியாரம்மா, ஒரு ரயில்வே ஆள், ஒரு ரொட்டிக்கடைக்காரர், இப்படி எல்லாம் நம்மைப் போன்ற ஆட்கள். நம் முறைக்கு நாம் ஆளை நகர்த்த வேண்டும், எதிரி முறைக்கு எதிரி நகர்த்துவான். செத்தவன் செத்தவன்தான். தப்பாக நகர்த்திவிட்டேன், திரும்ப ஆடுகிறேன் என்றால் முடியாது, நடந்ததை அதுவாகவே எழுதி வைத்துக்கொள்ளும். ஒவ்வொருத்தர் படத்துக்குக் கீழேயும் இரண்டு கோடு இருந்தது. சிவப்பு அவருடைய உயிர், மஞ்சள் அவருடைய தெம்பு. அன்றைக்கு நீ பன்னிரண்டு பேரையும் கும்பலாக ஆற்றங்கரைக்கு அனுப்பப் போனாய். எனக்குத் தாங்கவில்லை.

"எல்லாரையும் ஏன்டா ஒண்ணா அனுப்புற? ஒருத்தன் மாட்டிக்கினா அத்தினி பேரும் காலி."

"அப்ப இன்னாதான் பண்றது?"

"ரெண்டு ரெண்டு பேரா அனுப்பு. முன்னால போறவனுக்குப் பின்னால யாரு வந்துகினு கீறான்னு தெரியக் கூடாது."

"உனக்கு எப்பிடிப்பா தெரியும்?"

"ஸ்ட்ரைக்ல நோட்டீஸ அப்பிடித்தான் குடுத்தோம்."

நாற்காலியைச் சுழற்றி நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது வரைக்கும் நீ என்னை அப்படிப் பார்த்ததில்லை. அன்றைக்கு நாம் ஒருத்தரையும் இழக்கவில்லை. அதற்கப்புறம் ஷிஃப்ட் முடிந்தால் வழியில் எங்கேயும் நிற்காமல் வீட்டுக்கு ஓடி வந்தேன். வீட்டில் இருந்தது ஒரே நாற்காலி. நான் நின்றுகொண்டே பார்ப்பேன். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ நீயே சமையலறைக்குப் போய் ஸ்டூலைத் தூக்கி வந்து பக்கத்தில் போட்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "குந்துப்பா" என்றாய். அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "அப்பனும் புள்ளையும் சேந்து நாட்டக் காப்பாத்துறீங்களா? மொதல்ல வாசல்ல கீற கொடத்தக் காப்பாத்துங்க, தண்ணி லாரி வந்துகீது" என்பாள். குடத்தைத் தூக்கி வைத்துவிட்டு ஓடி வந்து மறுபடியும் ஸ்டூலில் உட்காருவேன். ஏறக்குறைய ஒரு மாதம். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்தது எப்போது என்று யாராவது கேட்டால் அந்த ஸ்டூலைத்தான் சொல்வேன். கல்யாணத்தைச் சொல்லாததற்கு உன் அம்மா மன்னிக்கட்டும்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தனை நாம் குல்லாக்காரன் என்று கூப்பிட்டோம். நல்ல வேலைக்காரன். ஒரு நாள் நீ ஆட்டத்தைத் திறந்தபோது அவன் இல்லை, ஓடிப்போய்விட்டான். உனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "காரணமே இல்லாம எதுக்குப்பா ஓடிப்போனான்? அடிபடல, பசியும் இல்ல. இந்த மஞ்சக் கோடு மட்டும்தான் கம்மியா இருந்துது." நான் "அதுதான்டா காரணம்" என்றேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை. அவன் போனதால் அடுத்த சண்டையில் ரொட்டிக்கடைக்காரர் செத்துப்போனார், நீ அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

இதற்கு நடுவில் கால் பரீட்சை மார்க் வந்தது. பிசிக்ஸில் நீ வாங்கிய மார்க்கைப் பார்த்துவிட்டு நான் போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டது. "இந்தத் தட்ட ஒரு நாளைக்கி ஒண்ணுமில்லாம ஆக்கறனா இல்லியா பாரு" என்றேன். மறுநாள் சாயங்காலம் வெட்கமில்லாமல் நானே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். நீயும் தட்டைப் போட்டாய். அந்த வாய்ச்சொல்லை நான் மறந்துவிட்டேன். நீ மறக்கவில்லை.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் குல்லாக்காரன் திரும்பி வந்தான். மலைக்குப் போகும் மரப்பாலத்துக்கு அந்தப்பக்கம் துப்பாக்கி இல்லாமல் நின்றான். திரையில் மூன்று வரி வந்தது, நீ எனக்குப் படித்துச் சொன்னாய். "சேத்துக்கலாம், தொரத்தலாம், இல்லன்னா சுட்டுடலாம். சுட்டுடலாம்பா. உள்ள வந்து காட்டிக்குடுத்துட்டா இன்னா பண்றது?"

"காட்டிக்குடுக்கறவன் ஏன்டா வெறுங்கையோட வந்து நிக்கப் போறான்? அவனால முடியல, போனான். இப்ப வந்துகீறான்."

"நீ இன்னாப்பா அவனுக்கு இவ்ளோ சப்போர்ட்டு?"

அதற்குள் அம்மா ஸ்கூட்டரைக் கழுவச் சொல்லிக் கூப்பிட்டாள். "பூஜ முடிஞ்சி யோசிச்சிப் போடலாம்பா" என்று நீ அணைத்துவிட்டுப் போனாய். அவன் பாலத்துக்கு அந்தப்பக்கமே நின்றான்.

இனிமேல் எழுதுவதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் கம்பெனியில் இருபத்தைந்து வருஷம் அளவு பார்க்கிற வேலை செய்தவன். ஆயுத பூஜையன்று மெஷினுக்கெல்லாம் பையன்கள் சந்தனம் வைக்கும்போது, வெர்னியர் அளவுகோலின் அளக்கும் முகத்தில் மட்டும் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது, முதுகில் வையுங்கள் என்று பக்கத்தில் நின்று கத்துகிறவன். அப்படிப்பட்டவன் என்ன செய்தேன் தெரியுமா? ஸ்கூட்டர், ஸ்பேனர், அம்மாவின் அரிவாள்மனை, உன் புத்தகங்கள், கீபோர்டு எல்லாவற்றையும் சாமி முன்னால் வைத்தேன். அப்போது அந்தத் தட்டு ஞாபகம் வந்தது. நம் ஆட்கள் பத்துப் பேர் அதில்தானே இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஒரு பொட்டு வைப்போம் என்று உன் டிராயரிலிருந்து நானே எடுத்தேன். நீ மார்க்கரில் எழுதிய பக்கம் பின்பக்கம் என்று நினைத்தேன். போட்டோவுக்குப் பின்னால்தானே பேரெழுதுவோம். பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்த பக்கத்தைத் திருப்பி, நடுவில் ஒன்று, சுற்றிலும் பத்து, அழகாகச் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டேன். நடுவில் வைத்தது குல்லாக்காரனுக்கு. அவனை நீ சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டேன். சிரிப்பதாக இருந்தால் சிரித்துக்கொள்.

பூஜையன்று எதையும் தொடக்கூடாது என்று விட்டுவிட்டேன். விஜயதசமி காலையில் நீ தூங்கி எழுவதற்குள் எல்லாவற்றையும் துடைத்துத் தயாராக வைத்துவிட வேண்டும் என்று முதலில் நான் எழுந்தேன். சந்தனம் காய்ந்து பிடித்திருந்தது. தண்ணீரில் கழுவியதோடு விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று பிற்பாடு தெரிந்தது. குங்குமம் போட்ட இடத்தில் லேசாகச் சிவப்பாகத் தெரிந்தது, என் கண்ணுக்கு அது கறை. கறையை விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. ஸ்ட்ரைக் சமயத்தில் மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறையில் கல் தேய்க்கப் போனேனே, உன்னைக்கூட ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போய்க் கடலைக் காட்டினேன். உளி பிடிப்பது வேறு ஆட்கள், செதுக்கி முடித்த நந்தியைத் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் வட்டவட்டமாகத் தேய்த்துப் பளபளப்பாக்குவது என் வேலை. எந்தக் கரட்டுக் கல்லும் பொறுமையாகத் தேய்த்தால் முகம் பார்க்கிற மாதிரி ஆகிவிடும். அந்த ஞாபகத்தில் ஜீரோ நம்பர் உப்புத்தாளை எடுத்து, தண்ணீர் விட்டு, தட்டை வட்டவட்டமாகத் தேய்த்தேன். பளபளப்பு போனது. இன்னும் தேய்த்தால் வரும் என்று நினைத்தேன். தேய்க்கத் தேய்க்க வெள்ளையடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டது. உனக்கு எதிரில் உட்கார்ந்து இதைச் சொல்ல எனக்கு வாய் வராது நைனா, அதனால் எழுத்தில் படித்துக்கொள்.

நீ எழுந்து வந்து பார்த்தபோது ஒரு கையில் தட்டு, ஒரு கையில் உப்புத்தாளோடு நின்றேன். நீ தட்டைப் பார்த்தாய், தாளைப் பார்த்தாய். "வேணும்னுதான பண்ண?" என்றாய். அப்போது நான் நடந்ததைச் சொல்லியிருக்கலாம். ஊருக்கெல்லாம் அளவு பார்க்கிறவனுக்கு ஒரு தட்டில் எது முகம், எது முதுகு என்று தெரியவில்லை என்பதை என் பிள்ளையிடம் ஒத்துக்கொள்ள வேண்டும். உன் அப்பா முட்டாள் என்பதைவிட உன் அப்பா கொடுமைக்காரன் என்று நீ நினைப்பது அந்த நிமிஷத்தில் எனக்குச் சுலபமாக இருந்தது.

"ஆமாண்டா. இன்னா இப்போ?" என்றேன்.

அவ்வளவுதான். நீ அழவில்லை, சண்டை போடவில்லை. ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறையில் வைத்துவிட்டாய். பொதுத்தேர்வில் நல்ல மார்க் வாங்கினாய். எல்லாரும் என்னைக் கண்டிப்பான அப்பா, அதனால்தான் பையன் முன்னுக்கு வந்தான் என்று பாராட்டினார்கள். அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அந்த ஆட்டம் வேறு எங்காவது கிடைக்குமா என்று நான் தேடாமல் இல்லை. உன் கூட்டாளியின் அண்ணன் வேலை மாறி எங்கோ போய்விட்டிருந்தான். தட்டை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குப் போனால், கடைக்காரன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணாத்த, தோசக்கல்லுன்னு நெனச்சி தேச்சிட்டியா?" என்றான். பேர் தெரியாமல் கடை கடையாக "பனி பேயும், மலை கீது, பன்னண்டு பேரு" என்று சொல்லிக்கொண்டு அலைந்தேன். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிரவுசிங் சென்டரில் ஒரு பெண் பொறுமையாக நிறைய சண்டை ஆட்டம் எடுத்துக் காட்டியது. எல்லாவற்றிலும் ஒருத்தனே நின்று எல்லாரையும் சுடுகிறான். "இது இல்லம்மா, அதுல பாதி நேரம் ஒளிஞ்சிகினு இருப்பாங்க. ரொட்டியப் பங்கு போட்டுக்குவாங்க" என்றேன். அந்தப் பெண்ணுக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். இரண்டு மூன்று மாதம் தேடிவிட்டு விட்டுவிட்டேன். சலித்துப்போய்விட்டது.

சலிப்பைப் பற்றித்தான் இரண்டாவது விஷயம். நீ மூன்றாவது படிக்கும்போது நடந்த ஸ்ட்ரைக்கில் நான் நாற்பது நாள் வெளியே இருந்துவிட்டு, முடிவதற்கு முன்னாலேயே உள்ளே போனேன். உனக்கு ஜுரம் வந்ததால்தான் போனேன் என்று நீ கேட்டு வளர்ந்திருக்கிறாய். ஒன்பதாவதோ பத்தாவதோ படிக்கும்போது உன் கூட்டாளியிடம் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னதை ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "எங்கப்பா யூனியன்ல பெரிய ஆளுடா. எனக்கு ஒடம்பு சரியில்லன்னுதான் உள்ள போயிட்டாரு." உன் குரலில் பெருமை இருந்தது, ஏதோ உன் தப்பு மாதிரி ஒரு தணிவும் இருந்தது. அப்போதே வெளியே வந்து சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கதையில் நான் நல்லவனாக இருந்தேன், அதனால் சொல்லவில்லை.

உண்மை இதுதான். உன் ஜுரம் ஒரு வாரம் முன்னாலேயே விட்டுவிட்டது. வீட்டில் அரிசி இருந்தது. யாரும் என்னை மிரட்டவில்லை. ஒரு மத்தியானம் பட்டறையில் நந்தியின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தேன், தண்ணீர் எடுக்கக் கையை எடுத்தேன், திரும்ப வைக்க முடியவில்லை. கூட்டம், கோஷம், நோட்டீஸ், அடுத்தவனுக்குத் தைரியம் சொல்வது, எதையும் இன்னொரு நாள் செய்ய என்னால் ஆகாது என்று தோன்றிவிட்டது. கை கழுவிவிட்டுத் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு பஸ் பிடித்தேன். அந்த பஸ்ஸிலேயே முடிவு பண்ணிவிட்டேன். என் கூடவே நோட்டீஸ் கொடுத்த தாமோதரனிடம் மட்டும் சாயங்காலம் போய், "புள்ளைக்கி ஜொரம் தாமோ, ஆஸ்பத்திரில சேக்கணும்" என்றேன். மறுநாள் காலை கம்பெனி அனுப்பிய வேனில், ஜன்னலுக்குத் துணி போட்டு மூடிய வேனில், தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனேன். கேட்டில் நின்றிருந்தவர்கள் யாரும் என்னைத் திட்டவில்லை. தாமோதரன் எல்லாரிடமும் என் பிள்ளைக்கு ஜுரம் என்று சொல்லி வைத்திருந்தானாம், அது பிற்பாடுதான் என் காதுக்கு வந்தது. என்னைத் தொடர்ந்து இன்னும் கொஞ்சம் பேர் போனார்கள், ஸ்ட்ரைக் உடைந்தது, தாமோதரனையும் சில பேரையும் திரும்ப எடுக்கவே இல்லை.

அவன் சிங்கப்பெருமாள் கோயிலில் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் இட்லி வண்டி போட்டான். அவன் கண்ணில் படக்கூடாது என்று ரிடையராகும் வரை ஒரு ஸ்டாப்பிங் முன்னாலேயே இறங்கி வேறு வழியில் சுற்றிக்கொண்டு போனேன். பதினான்கு வருஷம். உன் கனடா சேதி வந்த மறுநாள், ஏனென்று கேட்காதே, பஸ் ஏறிப் போய் அவன் வண்டிக்கு எதிர்ச்சாரியில் நின்றேன். ரோட்டைத் தாண்ட முடியவில்லை. அவன் தலை முழுக்க நரைத்திருந்தது. நாலைந்து பேருக்குப் பரிமாறி முடித்துவிட்டு, நிமிராமலே குரல் கொடுத்தான்.

"இன்னா அண்ணாத்த, எவ்ளோ நேரம் அங்கியே நின்னுகினு இருப்ப? வா, குந்து."

போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். இட்லி வைத்தான். "புள்ள எப்பிடி கீறான்? அன்னிக்கி ஜொரம்னியே" என்றான். அவன் குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டான்.

"தாமோ, அந்த ஜொரம் அதுக்கு முந்தின வாரமே வுட்டுப்போச்சுப்பா."

"தெரியும்."

"இன்னா தெரியும்?"

"நீ வேன்ல போன அன்னிக்கிக் காலைல உன் புள்ளைய ஸ்கூல் ஆட்டோவுல பாத்தனே. ஜன்னல்ல தொங்கிகினு போனான்."

"அப்ப ஏன்பா கேட்டுல எல்லார்கிட்டயும் ஜொரம்னு சொன்ன?"

"நீ சொன்னத நான் சொன்னேன். வேற இன்னா சொல்லச் சொல்ற?" சாம்பார் ஊற்றினான். "எனக்கும் அந்த வாரம் அலுத்துதான் போயிருந்துது. நீ முந்திக்கின." பிறகு வேறு ஆள் வந்துவிட்டான், அவனைக் கவனிக்கப் போய்விட்டான். கிளம்பும்போது "புள்ளைகிட்டயாவது சொல்லிக்கீறியா?" என்று கேட்டான். இல்லை என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து மூன்று நாள் படுத்தே கிடந்தேன், நாலாம் நாள் பேனாவைத் தேடினேன்.

உனக்கு நான் புத்தி சொல்கிற நிலைமையில் இல்லை. குளிருக்குக் கம்பளி வாங்கிக்கொள், வயிற்றைக் காயப்போடாதே என்றெல்லாம் அம்மா சொல்லுவாள். நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். அங்கே போய் என்றைக்காவது ஒரு நாள் உன் மஞ்சள் கோடு குறையும். வேலை நன்றாக இருக்கும், உடம்பு நன்றாக இருக்கும், ஒரு காரணமும் இருக்காது, ஆனாலும் குறையும். அன்றைக்குக் காரணம் கண்டுபிடிக்காதே. யார் தலையிலும் ஜுரத்தைக் கட்டாதே. முடியவில்லை என்று யாரிடமாவது வாயைத் திறந்து சொல். ஆள் கிடைக்காவிட்டால் எனக்குப் போன் போடு. "சாப்ட்டியா" என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுக்க மாட்டேன், சத்தியமாகக் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு. இன்னொன்று, ஜுரம் வந்த அந்த எட்டு வயசுப் பையன் ஒரு தப்பும் செய்யவில்லை. உன்னால் ஒரு ஸ்ட்ரைக்கும் உடையவில்லை. அந்தப் பாரத்தை இங்கேயே இறக்கிவிட்டு ஃப்ளைட் ஏறு.

நேற்று லாஃப்டிலிருந்து கம்ப்யூட்டரை இறக்கித் தூசி தட்டினேன். கறுப்புத் துணி மாதிரி அழுக்கு வந்தது. ஸ்விட்ச் போட்டால் என்னவோ முனகுகிறது, திரையில் வெளிச்சம் வருகிறது. ஆட்டத்தைத் திறந்தால் தட்டைப் போடு என்று கேட்கிறது என்று பக்கத்து வீட்டுப் பெண் படித்துச் சொன்னாள். ஆடியதெல்லாம் உள்ளேதான் இருக்குமாம், தட்டு இல்லாமல் திறக்காதாம். ஆக, நம் ஆட்கள் பத்துப் பேரும் உள்ளேதான் இருக்கிறார்கள். ஆறு வருஷமாக அந்தக் குல்லாக்காரன் பனியில் பாலத்துக்கு அந்தப்பக்கமே நின்றுகொண்டிருக்கிறான். பூஜை முடிந்து யோசித்துப் போடலாம் என்றாயே, என்ன போட்டிருப்பாய் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இதற்கு நீ பதில் எழுத வேண்டாம்.

புதன்கிழமை மத்தியானம் அம்மா உனக்குப் பிடித்த வஞ்சிரம் வாங்கி வைத்திருப்பாள். சமையலறை ஸ்டூலை எடுத்துக் கம்ப்யூட்டர் பக்கத்தில் போட்டு வைத்திருக்கிறேன், நாற்காலி உனக்கு. நீ வருகிற நேரத்துக்கு நான் வீட்டுக்குள் இருக்க மாட்டேன், கேட்டுக்கு வெளியே தெருவில் நின்றுகொண்டிருப்பேன். என்னைத் தாண்டி நேராக உள்ளே போ. நின்று பேச வேண்டாம், சமாதானம் எதுவும் சொல்ல வேண்டாம். போய் உன் நாற்காலியில் உட்கார்ந்துகொள். மனசு இருந்தால் அங்கேயிருந்து திரும்பிப் பார்க்காமலே "குந்துப்பா" என்று ஒரு குரல் கொடு. உள்ளே வந்துவிடுகிறேன்.

தெருவில் நிற்கும்
உன் அப்பா